நிறைவேறினது எது? இனி நிறைவேறுவது எது?
(மத்தேயு 24 – வேதபாடம்)



சென்ற மாதம் அம்பத்தூரில் நடந்த வாலிபர் வேதபாடத்தில் ஒரு தம்பி எழுந்து ஒரு கேள்வி கேட்டார். எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். பஸ்ஸில் போகவர செல்போனில் பிரசங்கம் கேட்கிற பழக்கம் உண்டு. "பாஸ்டர், மத்தேயு இருபத்துநாலாம் அதிகாரம் முழுசும் கி.பி. 70-லேயே முடிஞ்சுபோச்சாம். உபத்திரவமும் முடிஞ்சு, அந்திக்கிறிஸ்துவும் முடிஞ்சு, வருகையும் முடிஞ்சாச்சாம். இனிமே வரவேண்டியது ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்க. நிஜமா?" என்றார்.

பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "இதெல்லாம் கள்ள உபதேசம், உட்காருப்பா" என்றார். தம்பி உட்கார்ந்துவிட்டார். ஆனால் கேள்வி உட்காரவில்லை. நாம் அதட்டி உட்காரவைத்த கேள்விகளை நம் பிள்ளைகள் வேறு எங்கோ போய்க் கேட்கிறார்கள். ஆகவே இந்தப் பாடம். தயவுசெய்து வேதாகமத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். வசனங்களை நான் முழுதாக எழுதப்போவதில்லை, எண்களை மட்டும் தருகிறேன்.

இந்த உபதேசம் நேற்று முளைத்தது அல்ல. வெளிப்படுத்தின விசேஷத்தின் பெரும்பகுதி ஆதி நூற்றாண்டுகளிலேயே, யூதர்மேலும் அஞ்ஞான ரோமாபுரியின்மேலும் நிறைவேறிவிட்டது என்று விரிவாக எழுதியவர் லூயிஸ் தெ அல்காசர் என்கிற ஸ்பெயின் தேசத்து இயேசு சபைக் குரு. அவர் மரித்தபின் 1614-ல் அந்தப் புத்தகம் அச்சானது. பிற்பாடு 1878-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ரஸ்ஸல் என்கிற போதகர், கிறிஸ்துவின் வருகையே எருசலேமின் அழிவில் நடந்துவிட்டது என்று ஒரு பெரிய நூல் எழுதினார். இன்று யூடியூபில் பேசுகிறவர்களில் பலர் அந்தக் கிணற்றிலிருந்துதான் மொண்டு ஊற்றுகிறார்கள். இவர்களுக்குள்ளும் இரண்டு கூட்டம் உண்டு. ஒரு கூட்டத்தார், எருசலேமைக் குறித்துச் சொன்னது நிறைவேறியது, ஆனால் கர்த்தருடைய வருகையும் உயிர்த்தெழுதலும் இன்னும் வரவேண்டும் என்பார்கள். மற்றக் கூட்டத்தார் சகலமும் முடிந்தது என்பார்கள். இரண்டையும் ஒரே கோணிப்பையில் போட்டுக் கட்டக்கூடாது.

"இந்தச் சந்ததி" என்றால் யார்?

காட்சியைக் கவனியுங்கள். சீஷர்கள் ஆலயக் கட்டடங்களைக் காட்டுகிறார்கள். ஏரோது அந்த ஆலயத்தைப் புதுப்பிக்க ஆரம்பித்தது கிறிஸ்துவுக்கு முன் ஏறக்குறைய 20-ல். நாற்பத்தாறு வருஷமாய் வேலை நடக்கிறது என்று யூதர்களே சொல்லுகிறதை யோவான் 2:20-ல் காணலாம். கல்லின்மேல் கல் நில்லாது என்கிறார் ஆண்டவர். ஒலிவமலையில் நான்கு பேர் தனியே வந்து, இது எப்போது நடக்கும் என்று கேட்கிறார்கள் (மாற்கு 13:3, 4). முதல் கேள்வியே அந்த ஆலயத்தைப் பற்றியது. இதை மறந்துவிட்டுத்தான் நாம் நேராக இன்றைய செய்தித்தாளுக்கு ஓடுகிறோம்.

இப்போது 34-ஆம் வசனத்துக்கு வாருங்கள். இவையெல்லாம் நடக்குமுன்னே இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது என்கிறார். தமிழில் "சந்ததி" என்றால் நமக்கு என்ன தோன்றும்? வம்சம், வாரிசு. கல்யாண வீட்டில் "சந்ததி பெருகட்டும்" என்று வாழ்த்துகிறோமே, அதுதான். அதனால் நம் பிரசங்கிகள் பலர் "யூத வம்சம் ஒழியாது" என்று வியாக்கியானம் பண்ணுகிறார்கள். மூல பாஷையாகிய கிரேக்கில் அங்கே உள்ள சொல் "கெனெயா". இதே சொல் மத்தேயு 1:17-ல் வருகிறது. ஆபிரகாம் முதல் தாவீது வரை பதினாலு என்று எண்ணுகிற இடம். அங்கே நம் தமிழ் வேதாகமம் அதைத் "தலைமுறை" என்றே மொழிபெயர்த்திருக்கிறது! ஒரே சொல்; முதல் அதிகாரத்தில் தலைமுறை, இருபத்துநாலில் சந்ததி.

இன்னும் பாருங்கள். மத்தேயு 23:36-ல் வேதபாரகரையும் பரிசேயரையும் கடிந்துகொண்டு, இவையெல்லாம் இந்தச் சந்ததியின்மேல் வரும் என்கிறார். எதிரே நின்ற ஜனங்களிடம் பேசுகிறார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மத்தேயு 11:16-லும் 12:41-லும் அப்படியே. பத்து நிமிஷம் கழித்து ஒலிவமலையில் அதே சொல்லை ஆண்டவர் வேறு அர்த்தத்தில் பேசினார் என்று சொல்ல நமக்கு என்ன ஆதாரம்? அவர் பேசியது ஏறக்குறைய கி.பி. 30. ஆலயம் விழுந்தது கி.பி. 70. நாற்பது வருஷம். வனாந்தரத்தில் ஒரு தலைமுறை விழுந்துபோக எத்தனை வருஷம் ஆனது? அதே நாற்பது. இந்த ஒரு விஷயத்தில் அந்தத் தம்பி கேட்ட போதகர் சொன்னது சரி. சரியை யார் சொன்னாலும் சரி என்று நாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

யூதேயாவில் இருக்கிறவர்கள்

16 முதல் 20 வரை உள்ள வசனங்களை மெதுவாக வாசியுங்கள். யூதேயாவில் இருக்கிறவர்கள் மலைக்கு ஓடவேண்டும். வீட்டின்மேல் இருக்கிறவன் உள்ளே இறங்கிப் பொருளை எடுக்கக்கூடாது. அந்த ஊர் வீடுகளுக்கும் நம்ம மொட்டை மாடி மாதிரிதான், வெளிப்புறமாகவே படி. ஓட்டம் மாரிகாலத்திலும் ஓய்வுநாளிலும் நேரிடாதபடி ஜெபிக்கச் சொல்லுகிறார். ஓய்வுநாளில் எருசலேமின் வாசல் கதவுகளைப் பூட்டிவைக்கிற வழக்கம் நெகேமியா 13:19-லேயே உண்டு. பூட்டின ஊரிலிருந்து எப்படி ஓடுவது?

2015 டிசம்பர் முதல் தேதி இரவு நம்மில் யாருக்கு மறக்கும்? செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், அடையாறு ஓரத்தில் இருக்கிறவர்கள் மேட்டுக்குப் போங்கள் என்று எச்சரிப்பு வந்தால், அது யாருக்கு? ஆற்றோரத்தில் இருக்கிறவனுக்கு. திருத்தணி மலைமேல் இருக்கிறவன் அதைக் கேட்டு மூட்டை கட்டினால் என்ன சொல்லுவோம்? அதுபோலவே மேற்சொன்ன வசனங்கள் ஒரு ஊருக்கும் ஒரு காலத்துக்கும் கொடுக்கப்பட்ட எச்சரிப்பு. லூக்கா 21:20 இதை இன்னும் தெளிவாக்குகிறது: சேனைகள் எருசலேமைச் சூழ்ந்துகொள்ளுகிறதைக் கண்டால் ஓடவேண்டும்.

சிலர் கேட்பார்கள்: சேனை சூழ்ந்துகொண்ட பிறகு எப்படி ஐயா ஓடுவது? நல்ல கேள்வி. சரித்திரமே பதில் சொல்லுகிறது. கி.பி. 66-ல் யூதர்கள் ரோமருக்கு விரோதமாய்க் கலகம் செய்தார்கள். சீரியாவின் அதிபதி செஸ்டியஸ் காலஸ் படையோடு வந்து எருசலேமை வளைத்து, ஆலய மதில் வரைக்கும் வந்துவிட்டான். பிறகு திடீரென்று பின்வாங்கிப் போனான். ஏன் போனான் என்று அந்தக் காலத்துச் சரித்திரக்காரனாகிய யோசேப்பஸுக்கே விளங்கவில்லை. துரத்திப்போன யூதர்கள் பெத்தொரோன் கணவாயில் ஆயிரக்கணக்கான ரோமச் சேவகரை வெட்டினார்கள். ஊரே வெற்றி ஆர்ப்பரிப்பில் இருந்தது. ஆண்டவர் சொன்னதை நினைவில் வைத்திருந்தவனுக்கு அதுதான் ஓடவேண்டிய சமயம். எருசலேம் சபையார் யுத்தத்துக்கு முன்னே புறப்பட்டு, யோர்தானுக்கு அப்பால் பெல்லா என்கிற பட்டணத்துக்குப் போய்விட்டார்கள் என்று நாலாம் நூற்றாண்டின் சபைச் சரித்திரக்காரர் யூசேபியஸ் எழுதிவைத்திருக்கிறார்.

தேவபிள்ளையே, ஊரெல்லாம் ஜெயம் ஜெயம் என்று கூத்தாடும்போது வீட்டைப் பூட்டிவிட்டு நடையைக் கட்டுவதற்கு எவ்வளவு விசுவாசம் வேண்டும்! பக்கத்து வீட்டுக்காரன் "கோழை, தேசத்துரோகி" என்று திட்டியிருப்பான். திட்டினாலும் பரவாயில்லை என்று நடந்தவர்களுடைய பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள்.

நீரோ இராயன் உடனே வெஸ்பாசியான் என்கிற சேனாபதியை அனுப்பினான். 67-ல் கலிலேயா விழுந்தது. அங்கே யூதர் பக்கம் படைத்தலைவனாக இருந்து பிடிபட்டவன்தான் நான் மேலே சொன்ன யோசேப்பஸ். ஆசாரிய வம்சத்தான், கிறிஸ்தவன் அல்ல. 68-ல் நீரோ தற்கொலை செய்துகொண்டான். ஒரே வருஷத்தில் நாலு பேர் சிங்காசனத்தில் ஏறினார்கள். கடைசியில் வெஸ்பாசியானே இராயனானான்.

இதெல்லாம் எங்கோ தூரதேசத்துக் கதை என்று நினைக்கவேண்டாம். 1898-ல் நம் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சி என்கிற ஊரில் ஒரு புதையல் அகப்பட்டது. 501 ரோமப் பொற்காசுகள். அகுஸ்து இராயன் தொடங்கி வெஸ்பாசியான் வரைக்கும் உள்ளவை. நீரோவின் முகமும் அதில் உண்டு, வெஸ்பாசியானின் முகமும் உண்டு. மிளகுக்கும் முத்துக்கும் விலையாக வந்த பொன். இன்னொரு விசேஷம்: அந்தக் காசுகளில் மிகுதியானவற்றில் இராயனுடைய முகத்தின் குறுக்கே உளியால் வெட்டின தழும்பு இருக்கிறது. இனிமேல் இது நாணயமாய்ச் செல்லாது, வெறும் பொன் எடைக்குத்தான் என்று காட்டுவதற்காக வெட்டியிருக்கலாம் என்பார்கள் ஆராய்ச்சிக்காரர். இருக்கட்டும். எருசலேமை அழிக்கச் சேனை அனுப்பினவனுடைய முகமும், அந்தச் சேனையை நடத்தி வந்தவனுடைய முகமும் நம் தமிழ் மண்ணுக்குள் ஒரே பானையில் கிடந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

70-ஆம் வருஷம் பஸ்கா பண்டிகை சமயத்தில் வெஸ்பாசியானுடைய மகன் தீத்து முற்றிக்கை போட்டான். (பவுல் நிருபம் எழுதின தீத்து அல்ல. இந்தச் சந்தேகம் ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்கிறார்கள்!) பண்டிகைக்கு வந்த ஜனம் உள்ளே மாட்டிக்கொண்டது. ரோமச் சேவகர் நகரத்தைச் சுற்றி ஏழு கிலோமீட்டர் அளவு மதிலை மூன்றே நாளில் எழுப்பினார்கள் என்று யோசேப்பஸ் எழுதுகிறான். லூக்கா 19:43-ல் ஆண்டவர் அழுதுகொண்டே சொன்னது இதைத்தான். உள்ளே பஞ்சம். மரியாள் என்கிற ஒரு பணக்கார ஸ்திரீ தன் கைக்குழந்தையையே சமைத்துத் தின்றாள் என்று அவன் எழுதியிருக்கிற பகுதியை நான் வாலிபர் கூட்டத்தில் வாசிக்கவில்லை. உபாகமம் 28-ஆம் அதிகாரத்தை மட்டும் வாசித்தேன், போதும்.

ஆகஸ்டு மாதத்தில் ஆலயம் தீக்கிரையானது. செப்டம்பரில் நகரம் முழுவதும் விழுந்தது. மரித்தவர்கள் பதினொரு லட்சம், சிறைப்பட்டவர்கள் 97,000 என்று யோசேப்பஸ் கணக்கு சொல்லுகிறான். பதினொரு லட்சம் என்பது மிகைப்படுத்தப்பட்டது என்பதே சரித்திர அறிஞரின் கருத்து. நாமும் அந்த எண்ணைப் பிரசங்கத்தில் முழங்கவேண்டியதில்லை. குறைத்துப் போட்டாலும் பயங்கரம் பயங்கரமே. ஆலயத்தின் பொன் குத்துவிளக்கைச் சேவகர் தூக்கிக்கொண்டு போகிற சிற்பம் ரோமாபுரியில் தீத்துவின் வளைவில் இன்றைக்கும் நிற்கிறது.

பரிசுத்த பூமிக்குப் போய்வந்த நம் விசுவாசிகள் மேற்குச் சுவரில் தலைவைத்து ஜெபித்துவிட்டு வந்து, "பாஸ்டர், கல்லின்மேல் கல் இன்னும் இருக்குதே?" என்பார்கள். அது ஆலயத்தின் சுவர் அல்ல; மலையைச் சமன்படுத்த ஏரோது கட்டின தாங்குசுவர். மேலே இருந்த ஆலயத்தில் ஒரு கல்லும் மிஞ்சவில்லை. அந்தச் சுவரின் தென்மேற்கு மூலையில், 1968 முதல் தோண்டினபோது, மேலேயிருந்து தள்ளப்பட்ட பெரிய கற்கள் கீழே வீதியின் தளவரிசையை நொறுக்கிக்கொண்டு கிடந்தன. விழுந்தது விழுந்தபடியே இன்றும் ஒரு குவியலை விட்டுவைத்திருக்கிறார்கள். அடுத்தமுறை போகிறவர்கள் அந்த மூலைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்போது சிதறின ஜனத்தில் ஒரு பங்கு நம் கரைக்கும் வந்தது என்பது கொச்சி யூதர்களுடைய பாரம்பரியம். ஆலயம் இடிக்கப்பட்டபின் தங்கள் முற்பிதாக்கள் கொடுங்கல்லூருக்குக் கப்பலேறி வந்தார்கள் என்று அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். ஏறக்குறைய கி.பி. 1000-ல் சேர ராஜாவாகிய பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்கிற யூதத் தலைவனுக்கு உரிமைகள் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. லூக்கா 21:24-ஐ வாசிக்கும்போது இவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வேதம் பேசுகிற பாஷை

24:14-ல் சுவிசேஷம் பூலோகமெங்கும் பிரசங்கிக்கப்படும் என்று இருக்கிறதே, அது 70-க்குள் நடந்ததா என்பது அடுத்த கேள்வி. அங்கே உள்ள கிரேக்கச் சொல் "ஒய்கூமெனே", குடியேறின உலகம் என்று பொருள். லூக்கா 2:1-ல் அகுஸ்து இராயன் உலகமெங்கும் குடிமதிப்பு எடுக்கச் சொன்னான் என்ற இடத்திலும் இதே சொல்தான். அகுஸ்து இராயன் குடிமதிப்பு எழுத நம்ம பூவிருந்தவல்லிக்கு ஆள் அனுப்பினானா? இல்லை. ரோம ராஜ்யம் என்பதையே உலகம் என்று பேசினார்கள். அந்த அளவில் சுவிசேஷம் போய்விட்டது என்று கொலோசெயர் 1:23-ல் பவுலே எழுதுகிறார். ஆனால் தோமா அப்போஸ்தலன் இந்தியாவுக்கு வந்து, நமக்குப் பக்கத்திலிருக்கிற பரங்கிமலையில் இரத்தசாட்சியாய் மரித்தார் என்பது பாரம்பரியம். இராயன் கணக்கெடுக்காத தேசத்திலும் கர்த்தர் ஆள் அனுப்புகிறார். ஆகவே 14-ஆம் வசனத்தை 70-ல் பூட்டிவைக்க எனக்கு மனமில்லை.

சூரியன் இருளடையும், நட்சத்திரம் விழும் என்கிற 29-ஆம் வசனத்தில் அவர்களுடைய வாதம் பலமானது. ஏசாயா 13:10-ல் பாபிலோன் விழுவதற்கும், எசேக்கியேல் 32:7-ல் எகிப்து விழுவதற்கும் இதே பாஷை. அன்றைக்கு நட்சத்திரம் வானத்திலிருந்து விழவில்லை, ராஜ்யங்கள் விழுந்தன. தீர்க்கதரிசிகள் பேசுகிற விதம் அது. இதை ஒத்துக்கொள்வதால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

அப்படியானால் 29 முதல் 31 வரை எங்கே வைப்பது? இதில் கர்த்தருடைய நல்ல ஊழியக்காரரே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். நான் அதை வருகைக்கே வைத்துப் போதிக்கிறேன். காரணம் லூக்கா. எருசலேம் விழுந்து, புறஜாதியாருடைய காலம் நிறைவேறும்வரை மிதிக்கப்பட்டுக் கிடக்கும் என்று சொன்னபிறகே லூக்கா 21:25 வானத்து அடையாளங்களைப் பேசுகிறது. நடுவில் ஒரு நீண்ட காலம் இருக்கிறது. "அப்போ 34-ஆம் வசனம்?" என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின 33-ஐ வாசியுங்கள். இவைகளையெல்லாம் காணும்போது அவர் சமீபமாயிருக்கிறார் என்று அறியுங்கள் என்கிறார். "இவைகள்" வேறு, சமீபமாய் வந்து நிற்கிறவர் வேறு. அந்தத் தலைமுறை கண்டது "இவைகளை". பிறகு 36-ல் "அந்த நாள்" என்று பேச்சே மாறுகிறது. அதை ஒருவரும் அறியார், அடையாளமும் கொடுக்கப்படவில்லை.

666 பற்றியும் கேட்டார்கள், சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். க, உ, ங என்று நம் முன்னோர் எழுத்தையே எண்ணாக வைத்துக் கணக்கு எழுதினது போல, எபிரெயரிலும் எழுத்துக்கு எண் உண்டு. "நேரோன் கேசர்" என்பதை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 50, 200, 6, 50, 100, 60, 200. மொத்தம் 666. கடைசி "ன்" இல்லாமல் எழுதினால் 616. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. ஆக, முதல் நூற்றாண்டு விசுவாசிக்கு நீரோ நினைவுக்கு வந்திருப்பான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் யோவான் தரிசனம் கண்டது டொமிஷியன் இராயனுடைய ஆளுகையின் கடைசியில் என்று இரண்டாம் நூற்றாண்டின் ஐரேனியஸ் எழுதுகிறார். அதாவது 95 சமயம். ஆலயம் விழுந்து இருபத்தைந்து வருஷம் கழித்து! அந்தச் சாட்சி உண்மையானால், வெளிப்படுத்தின விசேஷம் முழுவதும் 70-ஐக் குறித்தது என்கிற கட்டடம் அஸ்திபாரத்திலேயே ஆடுகிறது. ஐரேனியஸ் அந்த எண்ணுக்கு ஒரு பெயரையும் முடிவாகச் சொல்ல மறுத்துவிட்டார். பார்கோடு வந்தபோது ஒரு முத்திரை, ஆதார் வந்தபோது ஒரு முத்திரை, தடுப்பூசி வந்தபோது ஒரு முத்திரை என்று பயங்காட்டினவர்கள் அவரிடத்தில் கொஞ்சம் படிக்கலாம்.

இப்படிப் பயங்காட்டுதலும் தேதி குறித்தலும் நம் பக்கத்துப் பள்ளம். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, திருவிதாங்கூரில் மிஷனெரி சபையில் ஊழியம் செய்து, கீர்த்தனை பாடுவதில் வல்லவராயிருந்த யுஸ்துஸ் யோசேப்பு என்பவர், வித்வான் குட்டி என்று பேர்பெற்றவர். 1870-களில் அந்தப் பக்கத்தில் பெரிய எழுப்புதல் உண்டானபோது, 1881-ல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். திரளானபேர் நம்பினார்கள். வருஷம் வந்தது, போனது. அவருடைய கூட்டம் யுயோமயம் என்கிற தனி மார்க்கமாய்ப் பிரிந்துபோனது. எழுப்புதலின் அக்கினி உண்மை, தேதி பொய். ஏமாந்தவன் பிறகு எந்தப் போதனைக்குக் காதுகொடுப்பான்? "எல்லாம் எப்பவோ முடிஞ்சுது, இனி பயமே இல்லை" என்று சொல்லுகிறவனுக்குத்தான். தேதி குறிக்கிற பிரசங்கிகளே அந்த உபதேசத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்று நான் சொல்லுவேன்.

கோடு எங்கே?

அந்த வேதபாடச் செய்தி காதோடு காதாகப் பரவி ஆவடியில் ஒரு சகோதரிக்கும் எட்டிவிட்டது. அவருடைய கணவர் டேங்க் பேக்டரியில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். கர்த்தருக்குள் நித்திரையடைந்து அப்போது நாலு மாதம்கூட ஆகவில்லை. நான் வீடு சந்திப்புக்குப் போனபோது காபி கொடுத்துவிட்டு, நின்றபடியே கேட்டார்: "ஐயா, எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னா, அவரை நான் பாக்கறது? கல்லறையில நீங்க வாசிச்சது?"

நான் வாசித்தது 1 தெசலோனிக்கேயர் 4:13 முதல் 18 வரை.

இந்தச் சகோதரியின் கேள்வியில்தான் கோடு விழுகிறது. எருசலேம் ஆலயம் விழுந்ததா என்பது சரித்திரக் கேள்வி. அதில் இப்படியும் அப்படியும் சகோதரர் கருத்து வேறுபடலாம். மரித்தவர்கள் எழுந்தாயிற்றா என்பது வேறு. பவுலின் காலத்திலேயே இமெனேயு, பிலேத்து என்ற இரண்டு பேர் உயிர்த்தெழுதல் நடந்தாயிற்று என்று சொல்லிச் சிலருடைய விசுவாசத்தைக் கவிழ்த்துப் போட்டார்கள். 2 தீமோத்தேயு 2:17, 18-ல் பவுல் அதை அரித்துப் பரவுகிற புண்ணுக்கு ஒப்பிடுகிறார். "அவர்கள் தேதி கொஞ்சம் தப்பு" என்று விட்டுவிடவில்லை.

சகலமும் முடிந்தது என்போர் இதற்கு, உயிர்த்தெழுதல் ஆவிக்குரியது, சரீரத்தோடு அல்ல என்பார்கள். அப்படியானால் ஆண்டவருடைய கல்லறை ஏன் காலியாயிருந்தது? அவர் முதற்பலன் என்று 1 கொரிந்தியர் 15:20 சொல்லுகிறது. முதற்கதிரை அறுத்துக் கொண்டுவந்து காட்டினால், வயலில் நிற்பதும் அதே நெல்தான் என்று அர்த்தம். முதற்கதிர் நெல்லாயும் அறுவடை வெறும் காற்றாயும் இருக்குமா? அவர் மீனைச் சாப்பிட்டார், காயத்தைக் காட்டினார். போனவிதமாகவே திரும்ப வருவார் என்று அப்போஸ்தலர் 1:11-ல் தூதர்கள் சொன்னது, மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு. எருசலேமின்மேல் வானத்தில் இரதங்களும் சேனைகளும் காணப்பட்டதாக யோசேப்பஸ் எழுதியிருக்கிறான், அதுவே வருகை என்று சிலர் காட்டுகிறார்கள். சரி, அன்றைக்கு எந்தக் கல்லறை திறந்தது? பெல்லாவுக்குப் போன சபையார் யாராவது, எங்கள் தகப்பன்மார் எழுந்துவந்தார்கள் என்று சாட்சி சொன்னார்களா? அதற்குப் பிறகு எழுதின ஜஸ்டின், ஐரேனியஸ் யாவரும் இனிமேல் வரப்போகிறவராகவே அவருக்குக் காத்திருந்தார்கள். வருகை நடந்து முடிந்து, அது சபைக்கே தெரியாமல் போயிற்று என்றால் அது என்ன வருகை?

இன்னொன்று. 1 கொரிந்தியர் 11:26-ன்படி, அவர் வருமளவும் அப்பத்தைப் பிட்டு அவருடைய மரணத்தை அறிவிக்கிறோம். அவர் 70-லேயே வந்துவிட்டிருந்தால், மாதத்தின் முதல் ஞாயிறு நாம் எதற்காகப் பந்தியைச் சுற்றி நிற்கிறோம்? முழுக்க முடிந்தது என்று போதிக்கிறவர்களை நான் நேரில் சந்தித்தால் இந்த ஒன்றைத்தான் முதலில் கேட்பேன்.

ஆவடிச் சகோதரிக்கு அன்றைக்கு நான் சரித்திரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆறு வசனங்களை அவருடைய வேதாகமத்திலேயே, அவரையே மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். பதினேழாம் வசனத்தில் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு வாசித்து முடித்தார்.

எஸ்டேட் தம்பிக்கு வேறே வேலை கொடுத்திருக்கிறேன், உங்களுக்கும் அதுவே. அடுத்த பாடம் தானியேல். எட்டாம் அதிகாரத்தில் ஆட்டுக்கடா மேதிய பெர்சியா என்றும், வெள்ளாட்டுக்கடா கிரேக்கு என்றும் 20, 21 வசனங்களே பெயர் சொல்லிவிடுகின்றன. அங்கே யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. பெரிய கொம்பாகிய அலெக்சாந்தர் இந்தியா வரைக்கும் வந்து, கி.மு. 323-ல் பாபிலோனில் மரித்தான்; ராஜ்யம் பங்கிடப்பட்டது. கி.மு. 167-ல் அந்தியோகஸ் எபிபானஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். மூன்று வருஷம் கழித்து யூதர் அதைச் சுத்திகரித்த பண்டிகையைத்தான் யோவான் 10:22-ல் நம் ஆண்டவரும் ஆலயத்தில் இருந்து கண்டார். இவ்வளவு பொருத்தமாய் நிறைவேறினதைக் கண்டு, மூன்றாம் நூற்றாண்டில் போர்பிரி என்கிற தத்துவ ஞானி, இது நடந்தபிறகு எழுதினதாகத்தான் இருக்கவேண்டும் என்று வாதித்தான். அப்படி முன்பே நிறைவேறின பாழாக்கும் அருவருப்பை ஆண்டவர் மத்தேயு 24:15-ல் மறுபடியும் ஏன் வரப்போகிறதாய்ச் சொன்னார்? தானியேல் 8, 11 இரண்டையும் மூன்றுமுறை வாசித்து, உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பென்சிலால் எழுதினாலும் போதும்.